நீ செய்தது என்ன?

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில், இளைஞர் பகுதியில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இந்த மேடையில் பேராசிரியர்கள் பேசியிருக்கிறார்கள், புலவர்கள் பேசியிருக்கிறார்கள். நானோ மெட்ரிகுலேஷன் மட்டும் தேறி, ரயில்வே அலுவலகம் ஒன்றில் இருபது ஆண்டுகளாகக் கோப்புகளோடு காலம் கழிக்கும் ஒரு குமாஸ்தா. உத்தியோகத்துக்கான நேர்முகத் தேர்வைப் பற்றிப் பேச இவனுக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்டால், ஒரே ஒரு தகுதிதான் உண்டு. சில ஆண்டுகளாக, நேர்முகத் தேர்வுக்குப் போய்த் திரும்பும் நம் பிள்ளைகளை அன்று மாலையே பிடித்து உட்காரவைத்து, அங்கே என்ன கேட்டார்கள், இவர்கள் என்ன விடை சொன்னார்கள் என்று கேட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வருகிறேன். தாராவிப் பிள்ளைகளும் உண்டு. மாட்டுங்கா, செம்பூர்ப் பிள்ளைகளும் உண்டு. அந்த நோட்டுப் புத்தகந்தான் இன்று பேசப் போகிறது.

முன்பெல்லாம் கேள்விகள் வேறு வகையின. சொந்த ஊர் எது, தந்தையார் என்ன செய்கிறார், எத்தனை விழுக்காடு வாங்கினாய், ஐந்தாண்டு கழித்து எந்நிலையில் இருப்பாய் என்று கேட்பார்கள். இப்பொழுது என் புத்தகத்தில் மிகுந்து காணப்படுவன இவை: ‘உடன் பணியாற்றியவரோடு கருத்து மாறுபட்ட ஒரு சமயத்தைச் சொல், அப்போது என்ன செய்தாய்?’ ‘மிகக் குறைந்த காலத்தில் ஒரு வேலையை முடிக்க நேர்ந்தது உண்டா? எப்படி முடித்தாய்?’ ‘நீ தோற்ற ஓர் இடம் எது?’ ‘யாரும் சொல்லாமல் நீயாக ஏற்றுக்கொண்ட பொறுப்பு எது?’ இவை எல்லாவற்றிலும் ஓர் ஒற்றுமையைக் காணலாம். நீ எப்படிப்பட்டவன் என்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நீ செய்தது என்ன என்றே எல்லாக் கேள்விகளும் கேட்கின்றன. ஆங்கிலத்தில் இவற்றை ‘பிஹேவியரல்’ கேள்விகள் என்பார்கள். நாம் செயல்வழிக் கேள்விகள் என்று வைத்துக்கொள்வோம்.

நம் முன்னோர் இந்நகரத்துக்கு வந்த காலத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் கற்றுக்கொண்டு, ஒரு டிரங்குப் பெட்டியோடு ரயிலேறி வந்து மாட்டுங்காவில் தங்கியவர்களுக்குக் கோட்டைப் பகுதிக் கம்பெனிகளில் நடந்த தேர்வு என்ன? துரையோ சேட்டோ ஒரு கடிதத்தைச் சொல்வார். இவர் சுருக்கெழுத்தில் எடுத்துத் தட்டெழுத்தில் அடித்துக் கொடுப்பார். பிழையில்லையானால் வேலை. அன்று கை பேசிற்று. வாய் பேச வேண்டியிருக்கவில்லை. தோல் பதனிடும் தொழிலுக்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்தவர்களுக்கோ அந்தக் கடிதமும் இல்லை. தோளைப் பார்த்தே வேலை கொடுத்தார்கள். பிறகு 1960-களின் பிற்பகுதியில் இந்நகரில் தென்னிந்தியருக்கு எதிராகக் குரல் எழுந்தது. எந்தெந்த அலுவலகத்தில் எத்தனை தென்னிந்தியர் அமர்ந்திருக்கின்றனர் என்று பெயர்ப் பட்டியலே பத்திரிகையில் வெளிவந்தது. அக்காலத்தில் வளர்ந்த பெரியோர்கள் இங்கே இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் கேட்ட புத்திமதி என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை: வேலையைப் பார், வாயைத் திறவாதே, உன்னைப் பற்றி நீயே பேசாதே. அந்தப் புத்திமதி அன்று நம்மைக் காப்பாற்றிற்று. இன்று அதுவே நேர்முக அறையில் நம் பிள்ளைகளின் நாவைக் கட்டிப் போடுகிறது என்பது என் கருத்து.

‘சர்க்கார் உத்தியோகத்துக்கு முயன்றால் இந்தத் தொல்லை ஏது?’ என்று ஒரு தாயார் என்னிடம் கேட்டார்கள். உண்மைதான். 2015-ஆம் ஆண்டு சுதந்திர தினத்தன்று பிரதமர் அறிவித்தபடி, 2016 ஜனவரி முதல் தேதியிலிருந்து மத்திய அரசின் கீழ்நிலைப் பதவிகளுக்கு நேர்முகத் தேர்வு ஒழிந்தது. என்னைப் போன்ற ரயில்வே எழுத்தர் பதவிக்கு இப்போது கணிப்பொறித் தேர்வுதான். எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்பார் யாரும் இல்லை. சிபாரிசும் கையூட்டும் நுழையும் வாயில் ஒன்றை அடைத்த நல்ல காரியம் அது. ஆனால் அப்பதவிகளுக்கு எத்தனை இலட்சம் பேர் எழுதுகிறார்கள் என்பதை நாம் ஆண்டுதோறும் பார்க்கிறோம். நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் போகப்போவது தனியார் கம்பெனிகளுக்கும் வங்கிகளுக்குமே. வங்கி அதிகாரி பதவிக்கு எழுத்துத் தேர்வுக்குப் பின் நேர்முகம் இன்றும் உண்டு. இராணுவ அதிகாரி ஆக விரும்புவோரை ஐந்து நாள் வைத்துச் சோதிக்கிறார்கள்.

இராணுவத்தைச் சொன்னேன். இவ்வகைக் கேள்விகளுக்கு வேர் அங்கேதான் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது அதிகாரிகள் பெருந்தொகையினராக வேண்டியிருந்தார்கள். குலமும் பள்ளியும் பார்த்துத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்த பழைய முறை போதவில்லை. பிரிட்டனில் 1942-இல் புதிய தேர்வு வாரியங்கள் தோன்றின. மறு ஆண்டே நம் நாட்டில் டேராடூனில் அத்தகைய வாரியம் அமைந்தது. இன்றும் எஸ்.எஸ்.பி. என்னும் அந்தத் தேர்வில், முப்பது நிமிடத்துக்குள் அறுபது இக்கட்டான நிலைமைகளைக் கொடுத்து, ஒவ்வொன்றிலும் நீ என்ன செய்வாய் என்று எழுதச் சொல்கிறார்கள். அதே போர்க்காலத்தில் அமெரிக்க விமானப் படையில் ஜான் ஃபிளானகன் என்னும் உளநூல் அறிஞர் வேறொன்று செய்தார். நல்ல தலைவனுக்கு என்னென்ன குணம் வேண்டும் என்று வீரர்களைக் கேளாமல், ஒரு தலைவன் நன்றாக நடந்துகொண்ட நிகழ்ச்சி ஒன்றையும், மோசமாக நடந்துகொண்ட நிகழ்ச்சி ஒன்றையும் சொல்லுங்கள் என்று கேட்டுத் திரட்டினார். குணத்தைக் கேட்டால் ஆளுக்கொரு சொல் வரும்; நிகழ்ச்சியைக் கேட்டால் செய்தி வரும் என்பதை அவர் கண்டார். 1954-இல் அம்முறையை விளக்கி ஒரு கட்டுரை எழுதினார். பின்னர் 1982-இல் டாம் ஜான்ஸ் என்பவர், மனம்போன போக்கில் கேள்வி கேட்கும் நேர்முகத்தையும், கடந்த காலச் செயலைக் கேட்கும் நேர்முகத்தையும் ஒப்பிட்டு, பின்னதே ஆளைச் சரியாக எடை போடுகிறது என்று காட்டினார். 2022-இல் பால் சாக்கெட் முதலிய ஆராய்ச்சியாளர்கள் பல்லாண்டு ஆய்வுகளை ஒருங்கு வைத்துப் பார்த்தபோது, எல்லாரிடமும் ஒரே வகைக் கேள்வியை ஒழுங்காகக் கேட்டு மதிப்பெண் இடும் நேர்முகமே தேர்வு முறைகளில் முதலிடம் பெற்றது. ஆதலால் கம்பெனிகள் இதை விளையாட்டாகச் செய்யவில்லை. அமேசான் நிறுவனம் தன் பதினாறு கொள்கைகளை வெளிப்படையாகவே அறிவித்து, அவற்றை ஒட்டித்தான் கேட்கிறது.

நம் வள்ளுவர் இதை எப்போதோ சொல்லிவிட்டார் என்று சொன்னால் கைதட்டுவீர்கள். ஆனால் இந்த இடத்தில் அது வெறும் பெருமைப் பேச்சு அன்று. தெரிந்து தெளிதல் என்னும் அதிகாரத்தில், ஒருவனுடைய உயர்வையும் தாழ்வையும் உரைத்துப் பார்க்கும் கல் அவன் செயலே என்று அவர் கூறியிருப்பதும், ஃபிளானகன் கண்டதும் ஒன்றே.

இத்தகைய கேள்விகள் நமக்குப் பகையல்ல, நட்பு. தந்தை பெயரும் குடியிருப்பும் கேட்டு முடிவுசெய்த காலத்தில் நமக்குச் சொல்ல என்ன இருந்தது? சிபாரிசுக்கு மாமன் மச்சான் இல்லாதவனுக்கு, ‘நீ செய்தது என்ன?’ என்னும் கேள்வியைவிட நேர்மையான கேள்வி வேறில்லை. சொல்வதற்கு நம்மிடம் ஏராளமாக இருக்கிறது. அதைச் சொல்லத் தெரியாமல் திரும்பி வருவதுதான் என் வருத்தம்.

ஓர் எடுத்துக்காட்டு. தாராவியில் விடியுமுன் இட்லிப் பாத்திரத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு புறப்படும் நம்மவர்களை நீங்கள் அறிவீர்கள். அப்படிப்பட்ட ஒருவரின் மகன், பி.காம். தேறியவன், பெயர் சொல்லேன். அந்தேரியில் ஒரு கம்பெனிக்கு நேர்முகத்துக்குப் போனான். ‘கணக்கைப் பார்த்து நீ ஒரு முடிவு எடுத்த சமயத்தைச் சொல்’ என்றார்கள். கல்லூரியில் ஐவர் சேர்ந்து செய்த ஆய்வு ஒன்றைச் சொன்னான். ‘அதில் உன் பங்கு என்ன?’ என்றார்கள். ‘எல்லோரும் சேர்ந்தே செய்தோம்’ என்றான். ‘வேறு ஏதேனும்?’ என்றார்கள். ‘எனக்கு முன்னனுபவம் இல்லை’ என்றான். அத்தோடு முடிந்தது.

அன்று மாலை அவன் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தான். திண்ணை என்றால் உங்களுக்குத் தெரியும், மாடிப்படியின் கடைசிப் படி. காலையில் வீட்டில் என்ன செய்வாய் என்று பேச்சுவாக்கில் கேட்டேன். அப்போது வந்தது செய்தி. தந்தைக்கு முழங்கால் வலி. நாள்தோறும் ஐம்பது அறுபது இட்லி மீந்து வந்துகொண்டிருந்தது. இவன் நாட்காட்டித் தாளின் பின்புறத்தில், எந்தக் கிழமை, மழையா வெயிலா, பள்ளி உண்டா விடுமுறையா, எத்தனை மீந்தது என்று ஒன்றரை மாதம் குறித்தான். வங்கி விடுமுறை நாளிலும், காலையிலேயே மழை பிடித்துக்கொண்ட நாளிலுந்தான் மிகுதியாக மீந்தது என்று கண்டான். முதல் நாள் மாலை வானத்தையும் விடுமுறைப் பட்டியலையும் பார்த்து, அரிசி எத்தனை படி ஊறப்போடுவது என்று தாயாரிடம் இவன் சொல்லத் தொடங்கினான். தாயார் முதலில் ஒப்பவில்லை. நான்கு நாள் கணக்கைக் காட்டிய பிறகே ஒப்பினார். மீதம் பத்துப் பதினைந்துக்கு இறங்கிற்று.

“இதை ஏனப்பா அங்கே சொல்லவில்லை?” என்றேன்.

“மாமா, அது வீட்டு வேலைதானே? இட்லி வியாபாரத்தைப் போய் அங்கே எப்படிச் சொல்வது?” என்றான்.

அன்பர்களே, அவன் கேட்டது என் நெஞ்சில் தைத்துவிட்டது. கணக்கைத் திரட்டினான், காரணத்தைக் கண்டான், ஒப்பாதவரை ஒப்பவைத்தான், நட்டத்தைக் குறைத்தான். அந்தக் கம்பெனி தேடிய ஆள் அவனேதான். ஆனால் அந்த ஆளை அவன் வெளியே செருப்போடு கழற்றி வைத்துவிட்டு உள்ளே போயிருக்கிறான். மூன்று மாதம் கழித்து வேறோர் இடத்தில் இதே கேள்வி வேறு உருவில் வந்தபோது, இட்லிக் கணக்கைச் சொன்னான். அவர்கள் நெடுநேரம் அதையே கிண்டிக் கிண்டிக் கேட்டார்களாம். எல்லாவற்றுக்கும் இவனிடம் விடை இருந்தது. வேலை கிடைத்ததா என்று கேட்பீர்கள். கிடைத்தது. ஆனால் அதை நான் பெரிதாகச் சொல்ல வரவில்லை. வேலை கிடைப்பதற்கும் கிடைக்காமற் போவதற்கும் நூறு காரணங்கள் உண்டு. முன்போல் தலை கவிழ்ந்து வரவில்லை அவன். அதைத்தான் நான் கவனித்தேன்.

இனி மொழியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ‘எல்லோரும் சேர்ந்தே செய்தோம்’ என்றான் அல்லவா? நம் பிள்ளைகள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் இப்படியே சொல்கிறார்கள். இது நம் வளர்ப்பு, குற்றமன்று. தமிழில் கேட்பவரையும் சேர்த்துக்கொள்ள ‘நாம்’ என்றும், சேர்க்காமல் ‘நாங்கள்’ என்றும் இரண்டு பன்மை வைத்திருக்கிறோம். ‘நான்’ என்பதை மட்டும் கூச்சத்தோடு சொல்கிறோம். எதிரே இருப்பவர் மதிப்பெண் போடுவது ஓர் ஆளுக்கு. ஐவர் செய்ததில் இவன் பங்கு எது என்று தெரியாவிட்டால் அவர் என்ன எழுதுவார்? சுழியந்தான் எழுதுவார். மற்ற நால்வர் செய்ததை அவர்கள் செய்ததாகவும், தான் செய்ததைத் தான் செய்ததாகவும் சொல்வதில் தற்பெருமை எங்கே வந்தது?

எங்கள் அலுவலகத்தில் இதற்கு நேர்மாறான ஒரு வியாதி உண்டு. ‘ஆவன செய்யப்பட்டது’, ‘தகவல் தெரிவிக்கப்பட்டது’ என்று எழுதுவோம். செய்தவர் யார்? தெரிவித்தவர் யார்? கோப்பில் தேடினாலும் கிடைக்க மாட்டார். பின்னால் விசாரணை வந்தால் தலை தப்ப வேண்டுமே! ஆனால் ரயில் ஓடும் இடத்தில் அந்த வேலை செல்லாது. பாதையில் ஏதேனும் நேர்ந்துவிட்டால், எத்தனை மணிக்கு, எந்த வண்டி, எந்த இடம், யார் பார்த்தார், பார்த்தவர் உடனே என்ன செய்தார், அதன் பிறகு என்ன ஆயிற்று என்று வாக்குமூலத்தில் இருந்தே தீரவேண்டும். நேர்முகத்துக்கு வேண்டிய விடை இந்த வாக்குமூலம் போன்றது. கோப்புக் குறிப்புப் போன்றது அன்று.

‘தன்னைத் தான் புகழ்தல் தகாது என்று படித்திருக்கிறோமே’ என்று தமிழறிந்த பெரியோர் கேட்கக்கூடும். பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்தில் இதற்கு விடை வைத்திருக்கிறார். தற்புகழ்ச்சி கற்றவனுக்கு ஆகாது என்ற பொதுவிதிக்கு அவரே விலக்கும் கூறுகிறார். அரசவைக்கு ஓலை எழுதும்போதும், தன் ஆற்றலை அறியாதார் நடுவிலும், அவையில் வெல்ல வேண்டிய பொழுதிலும், எதிரி தன்னைப் பழித்தபோதும் புலவன் தன்னைப் புகழ்ந்துகொள்வது தகும் என்கிறார். வேலைக்கு விண்ணப்பம் போடுவது ஓலை விடுவது அல்லவா? நேர்முக அறையில் இருப்போர் உன் ஆற்றலை அறியாதார் அல்லரோ? ஆகவே, பிள்ளைகளே, இலக்கணமே உங்களுக்கு உத்தரவு கொடுத்திருக்கிறது. ஆனால் ஒரு திருத்தம் மட்டும்: புகழ வேண்டாம்; நடந்ததைச் சொன்னால் போதும். ‘நான் கடும் உழைப்பாளி’ என்பது புகழ்ச்சி. ‘ஒன்றரை மாதம் நாள் தவறாமல் குறித்தேன்’ என்பது செய்தி. முன்னதை எவனும் சொல்லலாம்.

சரி, எப்படி ஆயத்தம் செய்வது? ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். உங்கள் வாழ்க்கையில் நீங்கள் ஏதேனும் ஒன்றைச் செய்து முடித்த, அல்லது செய்து தோற்ற, ஏழெட்டு நிகழ்ச்சிகளை எழுதுங்கள். கல்லூரிதான் என்பதில்லை. ரேஷன் அட்டையில் பெயர் சேர்க்கப் பாட்டியை அழைத்துக்கொண்டு மூன்று முறை அலைந்தது எழுதலாம். அடுத்த வீட்டுச் சிறுவனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தது எழுதலாம். இந்த விழாவுக்கே நன்கொடைச் சீட்டு வசூலித்துக் கணக்கு ஒப்படைத்தவர்கள் இங்கே ஆறு பேர் இருக்கிறீர்கள். உங்களில் ஒருவராவது அதைத் தன் அனுபவமாக எண்ணியிருப்பீர்களா?

ஒவ்வொரு நிகழ்ச்சியையும் நான்கு கூறாக எழுதுங்கள். அப்போதிருந்த நிலை என்ன. அதில் உங்கள் பொறுப்பு என்ன. நீங்கள் செய்தது என்ன. விளைந்த பயன் என்ன. இந்த நான்கு கூறுகளின் ஆங்கில முதலெழுத்துக்களைச் சேர்த்து ‘ஸ்டார்’ முறை என்கிறார்கள். பெயர் எதுவாயினும், நம் பிள்ளைகள் தவறுவது அளவில்தான். நிலையை விவரிக்கத் தொடங்கினால் தாத்தா ஊரைவிட்டு வந்ததிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். ‘நான் செய்தது’ என்னும் இடம் வரும்போது ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறார்கள். திருப்பிப் போடுங்கள். நிலைக்கும் பொறுப்புக்கும் நாலு வாக்கியம் போதும். செயலுக்குப் பாதிக்கு மேல் கொடுங்கள். பயனில் எண் இருந்தால் எண்ணைச் சொல்லுங்கள். மொத்தம் இரண்டு நிமிடம். கடிகாரம் வைத்துச் சொல்லிப் பாருங்கள். இரண்டு நிமிடம் எவ்வளவு நீளம் என்று அப்போது தெரியும்.

கேள்விக்கு ஒரு விடை என்று மனப்பாடம் செய்ய வேண்டாம். இட்லிக் கணக்கு ஒன்றையே எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கைப் பார்த்து முடிவெடுத்த கேள்விக்கும் அது விடை. ஒப்பாதவரை ஒப்பவைத்த கேள்விக்கும் விடை. தானாகப் பொறுப்பேற்ற கேள்விக்கும் விடை. எந்தப் பக்கத்தை முன்னே காட்டுவது என்பதே மாறும்.

கடைகளில் விற்கும் ஆயத்த விடைகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. என் நோட்டுப் புத்தகத்தில் பதினோரு பேர், ‘உன் குறை என்ன?’ என்ற கேள்விக்கு, ‘எதையும் முழுமையாகச் செய்யும்வரை விடமாட்டேன், அதுவே என் குறை’ என்று சொல்லியிருக்கிறார்கள். பதினோரு பேரும் ஒரே பயிற்சி நிலையம் அல்லர்! இதைக் கேட்டுக் கேட்டுக் கேள்வி கேட்பவர்களுக்கே காது புளித்திருக்கும். இரவல் நிகழ்ச்சி இதைவிட ஆபத்தானது. அவர்கள் முதல் கேள்வியோடு விடமாட்டார்கள். ‘அப்போது அவர் என்ன சொன்னார்? நீ ஏன் வேறு வழியில் முயலவில்லை? எத்தனை நாள் ஆயிற்று?’ என்று துருவுவார்கள். உண்மையில் நடந்ததற்கு ஆயிரம் நுணுக்கம் நினைவில் இருக்கும். கற்பனைக்கு மூன்றாம் கேள்வியில் அடித்தளம் ஆடும். இதற்கு நல்ல பயிற்சி வேண்டுமானால் பணம் கொடுக்க வேண்டாம். உங்கள் தாயாரிடம் சொல்லிப் பாருங்கள். இரவு ஏன் நேரமாயிற்று என்று அவர்கள் கேட்கும் குறுக்குக் கேள்விகளுக்கு முன்னால் எந்தக் கம்பெனி அதிகாரி நிற்க முடியும்?

இரண்டு கேள்விகள் சற்றுக் கடினமானவை. ஒன்று, பிணக்கைப் பற்றியது. ‘எனக்கு யாரோடும் பிணக்கு வந்ததில்லை’ என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். குழாயடியில் நின்று வளர்ந்த பிள்ளை சொன்னால் நானே நம்பமாட்டேன். எதிரியைத் தூற்றினாலும் கெட்டது. மாறுபட்டது எந்தப் பொருளில், அவர் பக்கத்து நியாயம் என்ன, இவன் என்ன செய்து வேலையை நிற்காமல் ஓட்டினான், இவ்வளவே சொல்ல வேண்டும். மற்றொன்று, தோல்வியைப் பற்றியது. தோல்வியை வெற்றியாக மாற்றிச் சொல்லச் சொல்லிக்கொடுக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தோற்றது தோற்றதுதான். அதன்பின் மறுமுறை எதை வேறு விதமாகச் செய்தாய் என்று ஒரு செயல் இருந்தால் அதுவே விடை. செயல் ஒன்றும் இல்லையானால் வேறு நிகழ்ச்சியைத் தேடுக.

பெண்பிள்ளைகளுக்குத் தனியே ஒரு சொல். தாராவியில் கொரோனாத் தொற்று முதன்முதல் 2020 ஏப்ரல் முதல் தேதி தெரியவந்தது. மாநகராட்சி மருத்துவர்களும் பணியாளர்களும் சந்து சந்தாக வந்தபோது, இந்தியும் மராத்தியும் அறியாத நம் பாட்டிமார் கதவைச் சாத்திக்கொண்டார்கள். பத்தாம் வகுப்பு முடித்திருந்த ஒரு பெண் முகக்கவசத்தோடு முன்னே நின்று, அவர்கள் மராத்தியில் கேட்டதைத் தமிழில் சொல்லி, இவர்கள் தமிழில் சொன்னதை மராத்தியில் சொல்லி, ஒரு சந்து முழுவதையும் முடித்துக் கொடுத்தாள். இப்போது பட்டதாரி. ‘தலைமை ஏற்ற அனுபவம் உண்டா?’ என்று கேட்டபோது, ‘வகுப்புத் தலைவியாக இருந்ததில்லை’ என்று விடை சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்! நான்கு மொழி பேசும் பிள்ளைகள் நாம். ஒரு மொழிக்காரர் சொல்வதை இன்னொருவருக்கு எடுத்துச் சொல்லி, இரு தரப்பின் கோபத்தையும் தணித்துக் காரியம் முடிப்பதை நாள்தோறும் செய்கிறோம். பெரிய கம்பெனிகள் சம்பளம் கொடுத்து ஆள் வைத்துச் செய்விக்கும் வேலை அது.

ஆங்கிலத்தைப் பற்றி அஞ்சுகிறவர்களுக்கு: நிகழ்ச்சியை முதலில் தமிழிலேயே வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். வரிசை மனத்தில் படிந்த பிறகு, சிறு சிறு ஆங்கில வாக்கியங்களாக மாற்றுங்கள். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்த பிள்ளைகள் இப்படிச் செய்து நன்றாகவே பேசுகிறார்கள். நீண்ட வாக்கியத்தில் சிக்கித் தத்தளிப்பதைவிடச் சிறு வாக்கியம் ஐந்து மேல்.

கடைசியாக, விலாசம். சிலர் விண்ணப்பத்தில் தாராவி என்று போடக் கூசி, செம்பூரிலோ சயானிலோ உள்ள உறவினர் வீட்டு விலாசத்தைப் போடுகிறார்கள். ஏன் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தாராவி என்றதும் முகம் மாறுகிறவர்களை நானும் பார்த்திருக்கிறேன். அது அவர்கள் குறை. ஆனால் விலாசத்தை மறைத்துவிட்டு நேர்முகத்தில் உட்கார்ந்தால் என்ன நேர்கிறது என்று பாருங்கள். இட்லிக் கணக்கைச் சொல்ல முடியாது. கொரோனாக் காலத்துச் சந்தைச் சொல்ல முடியாது. தண்ணீர் வரிசையை ஒழுங்கு செய்ததைச் சொல்ல முடியாது. சொல்லத் தகுந்ததெல்லாம் அந்த விலாசத்தில்தான் இருக்கிறது. பெற்றோர்களுக்கும் இதைச் சொல்லிக்கொள்கிறேன்: ‘நம் வீட்டுத் தொழிலை வெளியே சொல்லாதே’ என்று பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள்.

அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் காலை பத்து மணிக்குச் சங்கத்தின் சிறிய அறையைத் தருவதாகச் செயலாளர் இசைந்திருக்கிறார். விருப்பமுள்ளவர்கள் நோட்டுப் புத்தகத்தோடு வரலாம். வங்கியில் பணியாற்றி ஓய்வுபெற்ற இரண்டு பெரியவர்கள் கேள்வி கேட்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். இருவரும் கோபக்காரர்கள் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். முதல் வாரத்துக்கு ஒவ்வொருவரும் மூன்று நிகழ்ச்சிகள் எழுதிக்கொண்டு வர வேண்டும். தேநீர் என் பொறுப்பு.